தனிப்பயிற்சியா, சிறு குழுவா, மென்டாரா: எந்த மாணவருக்கு எது?

மதிப்பெண் குறைந்தால் உடனே டியூஷன் தேடக் கிளம்புகிறோம். அதற்கு முன் ஒரு சோதனை. மாணவர் சரியாக எழுதாத பழைய தேர்வுத்தாளையே எடுத்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நேரக் கெடு இல்லாமல் மறுபடி எழுதச் சொல்லுங்கள். அப்போதும் தவறாகவே வந்தால் அடித்தளத்தில் ஓட்டை இருக்கிறது; தனிப்பயிற்சி வேண்டும். நேரம் கிடைத்ததும் சரியாக வந்தால் குறை பழக்கத்தில்தான். சிறு குழு போதும். எல்லாம் தெரிந்தும் நோட்டைத் தொடுவதே இல்லை என்றால், பாடம் நடத்துபவரால் அதிகம் செய்ய முடியாது. அந்த மாணவருக்குத் தேவை மென்டார், அதாவது பாடம் எடுக்காமல் கூட இருந்து வழிகாட்டுபவர்.

தனிப்பயிற்சியின் பெருமைக்குக் காரணமான கணக்கு 1984-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் வெளியிட்டது: தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினார். அதாவது 2 திட்ட விலக்க அளவு முன்னேற்றம் (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு). ஆனால் அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் சிறு சோதனை வைத்து, பிழையைத் திருத்திய பிறகே அடுத்த பகுதிக்குப் போனார்கள். அதையும் சேர்த்துக் கிடைத்த பலன் அது. 2011-இல் ஆய்வாளர் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதே அளவையில் தனிப்பயிற்சிக்குக் கிடைத்தது 0.79. அதே தொகுப்பில், கணக்கின் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் மென்பொருளுக்கு 0.76, இறுதி விடை சரியா தவறா என்று மட்டும் சொல்லும் மென்பொருளுக்கு 0.31 தான். பக்கத்தில் ஆள் உட்கார்வதால் மட்டும் பலன் வருவதில்லை, தவறிய படி அந்த இடத்திலேயே பிடிபடுவதால் வருகிறது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

5 − (x − 3) என்பதை ஒருவர் 5 − x − 3 என்று எழுதுகிறார். வகுப்பில் அதற்குக் கிடைப்பது ஒரு சிவப்புக் கோடு. எதிரே உட்கார்ந்திருப்பவர் "இந்த மைனஸ் அடைப்புக்குள் எதையெல்லாம் தொடும்?" என்று கேட்கலாம். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து விநாடி மௌனம்கூட நீளமாகத் தோன்றும், ஆனால் யோசனை நடப்பது அந்த இடைவெளியில்தான். ஆய்வாளர் மிஷலின் சியின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி தருபவர்களிடம் விளக்கம் தராமல் கேள்வியும் தூண்டுதலும் மட்டுமே தரச் சொல்லிப் பார்த்தார்கள். மாணவர்கள் கற்றது குறையவில்லை. நன்றாக விளக்குபவரைத் தேடுவதைவிட, வாயை அடக்கி மாணவரின் பேனாவைக் கவனிப்பவரைத் தேடுங்கள்.

45 நிமிட வகுப்பை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 நிமிடம், போன முறை படித்ததை நோட்டைப் பார்க்காமல் எழுதுவது. அடுத்த 20 நிமிடம், மாணவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடுவது. புதிய பாடத்துக்கு 10 நிமிடம். கடைசி 10 நிமிடம் உதவியே இல்லாமல் மூன்று கணக்குகள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். விட்டால், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வரும் திறமை தேர்வறையில் வராது. வீட்டுப்பாடம் முடித்துக் கொடுக்கும் இடமாக டியூஷன் மாறுவதும் இதே சிக்கல்தான்: நோட்டு நிறையும், ஓட்டை அப்படியே இருக்கும். "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்றே பதில் வரும். "எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள்.

சிறு குழு என்றால் இரண்டு அல்லது மூன்று பேர். நான்கைத் தாண்டினால் எல்லோருடைய படிகளையும் பார்க்க முடியாது. மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்காதீர்கள். ஒரே மாதிரிப் பிழை செய்பவர்களைச் சேருங்கள். இருவரும் தனித்தனியாகப் போட்டு, பிறகு வழிமுறையை ஒப்பிட்டால் தனிப்பயிற்சியில் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: தன் வயதுக்காரருக்குத் தன் வழியை நியாயப்படுத்திச் சொல்ல வேண்டிய கட்டாயம். வேகமானவர் பதில் சொல்ல மற்றவர் தலையாட்டும் ஆபத்து உண்டு. எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது என்ற ஒரு விதி அதைப் பெரும்பாலும் தடுக்கும்.

மென்டாரின் வேலை வேறு. அவர் பாடம் எடுப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மாணவர் தன் வாயால் சொன்ன இலக்கையும் அந்த வாரங்களில் நேரம் போன வழியையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். அடுத்த சந்திப்புக்குள் முடிக்கக்கூடிய ஒரே ஒரு வேலையை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவுரை மழை பொழிந்தால் மூன்றாவது சந்திப்பிலேயே மாணவர் வாயை மூடிக்கொள்வார். ஆபத்தைத் தவிர மற்ற எதையும் பெற்றோரிடம் ஒப்பிக்காமல் இருப்பதும் முக்கியம். எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம்: ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில் நல்ல மாற்றங்கள் தெரிந்தன, மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் மாணவரின் சுயமதிப்பே சரிந்தது. ஓராண்டு உறுதி தர முடியாதவர் மென்டாராக வராமல் இருப்பதே நல்லது.

தனிப்பயிற்சி, மென்டார் இரண்டும் தேவைப்பட்டால் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். பிழை பார்ப்பவரிடம் பயத்தைச் சொல்ல எல்லோராலும் முடியாது. வாரம் மூன்று தனிப்பயிற்சியில் தொடங்குங்கள். ஆறு வாரம் கழித்து அந்தப் பழைய தாளைப் போன்ற புதிய தாள் ஒன்றை, இம்முறை புத்தகம் இல்லாமல் எழுதவைத்து, ஓட்டை அடைபட்டிருந்தால் வாரம் ஒன்றாகக் குறையுங்கள். மென்டார் சந்திப்பை மட்டும் அப்போது நிறுத்த வேண்டாம்.