தையற்கடைக்கு வாங்கிய ஏர் கூலர்: ஒரு கோடைக்குப் பின்

மதுரையில் சிமெண்ட் தகட்டுக் கூரையின் கீழ் நான்கு இயந்திரங்களோடு இயங்கும் எங்கள் தையற்கடைக்கு, சென்ற மார்ச்சில் 60 லிட்டர் தொட்டி கொண்ட ஏர் கூலர் ஒன்றை வாங்கினோம். ஒன்றரை டன் ஏசி ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கும். இது 180 வாட்தான் என்பதால், எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டைத் தாண்டுவதில்லை. வணிக இணைப்பில் மின்கட்டணம் கட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதே இதன் செயல்முறை. ஆகவே கத்திரி வெயிலின் வறண்ட நண்பகலில் நன்றாகக் குளிர்ந்த காற்று, மழை பெய்து புழுங்கிய மாலைகளில் வெறும் ஈரக் காற்றாகிவிட்டது. கதவை அடைத்து ஓட்டியது எங்கள் தவறு. பின்புறச் சன்னலைத் திறந்து, அதையொட்டிக் கூலரை நிறுத்தி, வாசற்கதவையும் திறந்து வைத்த பிறகே அறையின் புழுக்கம் தணிந்தது. வெட்டும் மேசைக்கு நேர் எதிரே வைத்திருந்த நாட்களில் பட்டுத் துணியில் நீர்த்துளி தெறித்து, ஒரு ரவிக்கைக்கு நான் பதில் சொல்ல நேர்ந்தது தனிக் கதை.

ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, கூலருக்குள் நீரில் நனைந்து காற்றைக் குளிர்விக்கும் தேன்கூட்டு அட்டையில் வெள்ளையாகப் படிகிறது. பத்து நாளுக்கொரு முறை கழுவாவிட்டால் காற்று குறைவதோடு நாற்றமும் வருகிறது. மே நடுவில் நீரேற்றும் சிறு மோட்டார் நின்றுபோனபோது, உத்தரவாதம் இருந்தும் விற்ற கடை 12 நாள் அலையவிட்டது. வெளியில் வாங்கி நானே மாற்றினேன்; அதுமுதல் இன்னொரு மோட்டார் கத்தரிக்கோல் பெட்டியில் தயாராக இருக்கிறது.