செயின்ட் லூயிஸ் எனர்ஜைசர் பார்க்: ஒரு கால்பந்து அரங்கமும் அதற்காக நகரம் நடந்த தூரமும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகர மையத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள, செயின்ட் லூயிஸ் சிட்டி கால்பந்து அணியின் எனர்ஜைசர் பார்க் அரங்கத்துக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் காரை விட்டுவிட்டு மெட்ரோலிங்க் ரயிலில் போவதே நல்லது. யூனியன் ஸ்டேஷன் நிறுத்தத்தில் இறங்கி, மார்க்கெட் தெரு வழியாக மேற்கே சில நிமிடங்கள் நடந்தால் அரங்கம் வந்துவிடும். விளையாட்டு அரங்கம் என்றாலே படிக்கட்டு ஏறி மூச்சு வாங்கிப் பழகிய நமக்கு, இங்கே கிடைக்கும் முதல் வியப்பு இறங்கிப் போவதுதான். தெரு மட்டத்திலிருந்து சுமார் 40 அடி ஆழத்தில் ஆடுகளம் அமைந்திருக்கிறது. வாசலில் நுழைந்து நான்கு அடி வைத்ததும், தடுப்புச் சுவர் எதுவும் இல்லாமல், முழுப் பச்சைப் புல்லும் கண்முன் கீழே விரிகிறது. சுமார் 22,500 பேர் அமரும் அரங்கம் இது. பார்வைக்குப் பெரியதல்ல. ஆனால் அந்தப் பள்ளமும் மேலே இருக்கைகளை மூடி நிற்கும் கூரையும் சேர்ந்து ஒலியை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால், ஆட்டம் தொடங்கும் முன்பே மேள ஓசை நெஞ்சில் வந்து மோதுகிறது.

நான் போனது ஒரு சனிக்கிழமை மாலை. எதிரணி, இதே மிசூரி மாநிலத்தின் மறுகோடி நகரின் பெயரைத் தாங்கிய ஸ்போர்ட்டிங் கான்சாஸ் சிட்டி. இந்த இரு நகரங்களுக்கும் இடையே உள்ள பழைய போட்டி மனப்பான்மையை அறிந்தவர்கள், முதல் ஆட்டமாக இதையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். டிக்கெட் கைபேசியில்தான். உள்ளே பணத்தாள் செல்லாது, அட்டை வேண்டும். பெரிய பைகளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

உணவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க அரங்கங்களில் எங்கே போனாலும் ஒரே ஹாட் டாக், ஒரே நாச்சோஸ் என்றிருக்கும் நிலையில், இங்கே கடைகளைப் பெரும்பாலும் உள்ளூர் உணவகங்களுக்கே கொடுத்திருக்கிறார்கள். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, இந்நகரின் புகழ்பெற்ற சமையற்கலைஞரான ஜெரார்ட் கிராஃப்டிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1990களின் போருக்குப் பிறகு அகதிகளாக வந்த பொஸ்னிய மக்கள் பெருந்தொகையாகக் குடியேறிய நகரம் இது. அவர்களுடைய சோமுன் ரொட்டியை அரங்கத்துக்குள் வாங்கிச் சாப்பிட முடிகிறது என்பது சிறிய செய்தியல்ல. நான் வாங்கிய ரொட்டி அடுப்புச் சூடு ஆறாமல், மேற்பரப்பில் கருகிய கொப்புளங்களுடன், பிய்க்கும்போது ஆவி பறக்க, உள்ளே சுட்ட இறைச்சியும் நறுக்கிய வெங்காயமுமாக வந்தது. விலை அரங்க விலைதான், ஆனால் வயிறு நிறைந்தது. சைவம் மட்டும் உண்பவர்கள் கடைப் பட்டியலை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போவது நல்லது.

இந்த அரங்கத்தை அதன் பின்கதை தெரியாமல் மதிப்பிட முடியாது என்பது என் கருத்து. இந்த அணி ஆடும், அமெரிக்காவின் முதல்நிலைக் கால்பந்துப் போட்டித் தொடரான மேஜர் லீக் சாக்கர் ஒரு மூடிய லீக். ஐரோப்பாவில் கீழ்ப்பிரிவில் வென்ற அணி மேற்பிரிவுக்கு ஏறி வருகிறது. இங்கே அந்த வழி இல்லை. புதிய அணி வேண்டுமென்றால், பணம் படைத்த உள்ளூர் உரிமையாளர், நகர மையத்தில் அரங்கத் திட்டம், ஆர்வமுள்ள ரசிகர் கூட்டம், விளம்பரதாரர்கள் என்று எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, லீக் கேட்கும் உரிமைக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். 2007இல் சேர்ந்த டொராண்டோ கட்டியது 1 கோடி டாலர். 2017இல் கேட்கப்பட்டது 15 கோடி. செயின்ட் லூயிஸ் 20 கோடி, சார்லட் 32.5 கோடி, சான் டியாகோ 50 கோடி என்று அது ஏறிக்கொண்டே போனது.

2017 ஜனவரி 31 அன்று 12 நகரங்களின் விண்ணப்பங்கள் லீக்கிடம் சேர்ந்திருந்தன. சார்லட், சின்சினாட்டி, டெட்ராய்ட், இண்டியானாபொலிஸ், நாஷ்வில், ஃபீனிக்ஸ், ராலி, சாக்ரமெண்டோ, சான் அன்டோனியோ, சான் டியாகோ, டாம்பா, செயின்ட் லூயிஸ். இருந்ததோ நான்கு இடங்கள். அந்தப் பட்டியலில் கால்பந்து மரபு என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால், செயின்ட் லூயிஸுக்கு முதல் வரிசையிலேயே இடம் கிடைத்திருக்க வேண்டும். 1950 உலகக் கோப்பையில் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட்டேயில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய அமெரிக்க அணியில் ஐந்து பேர் இந்த ஊர்க்காரர்கள். கோல் காத்த ஃபிராங்க் போர்கி அவர்களில் ஒருவர். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் ஆடவர் கால்பந்தில் 10 முறை தேசிய வாகையர். இத்தனை இருந்தும் லீக் 1996இல் தொடங்கிய நாள் முதல் இந்நகரம் வெளியிலேயே நின்றது.

அதற்கு மக்கள் மட்டும் காரணமல்ல. ஆனால் 2017 ஏப்ரல் 4 அன்று காரணமாக நின்றவர்கள் மக்களே. அன்று இரண்டு தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. ரயில் பாதை விரிவாக்கம் முதலான பணிகளுக்காக விற்பனை வரியை அரை சதவீதம் உயர்த்துவது முதலாவது. அது நிறைவேறினால் அதனோடு தானாகவே உயரும், நிறுவனங்கள் கட்டும் பயன்பாட்டு வரியிலிருந்து 6 கோடி டாலரைக் கால்பந்து அரங்கத்துக்கு எடுத்துக் கொடுப்பது இரண்டாவது. முதலாவது நிறைவேறியது. இரண்டாவது, ஏறத்தாழ 53 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்ததால் தோற்றது. அந்த எதிர்ப்பைக் கால்பந்து வெறுப்பு என்று எழுதியவர்கள் இந்த ஊரின் காயத்தை அறியாதவர்கள். கையில் பந்தை ஏந்தி ஓடும் ‘அமெரிக்கக் கால்பந்து’ ஆடும் ராம்ஸ் அணிக்காக 1990களில் பொதுப் பணத்தில் மூடிய அரங்கம் கட்டப்பட்டது. அந்த அணி 2016இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. அணி போன பிறகும் அரங்கத்தின் கடனை நகரமும் மாவட்டமும் மாநிலமும் கட்டிக்கொண்டிருந்தன. சூடு கண்ட பூனையிடம் மீண்டும் அடுப்பங்கரைக்கு வா என்றால் அது எப்படி வரும்?

என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு பள்ளி ஆசிரியர், முதல் ஆண்டிலிருந்தே சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். இடைவேளையில் பேச்சுக்கொடுத்தபோது, 2017இல் தாம் எதிர்த்துத்தான் வாக்களித்ததாகவும், அதற்காக இன்றும் வருந்தவில்லை என்றும் சொன்னார். அன்று முன்வைக்கப்பட்டது சுமார் 20 கோடி டாலர் செலவில் ஓர் அரங்கம், அதில் 6 கோடி நகரத்தின் பணம். இன்று நாங்கள் அமர்ந்திருந்த அரங்கத்துக்கும் அதை ஒட்டிய பயிற்சித் திடல்களுக்குமாகச் சுமார் 46 கோடி டாலர் ஆகியிருக்கிறது, அதன் பெரும்பகுதி உரிமையாளர்களின் பணம். மக்கள் மறுத்ததால் தரம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

எண்டர்பிரைஸ் கார் வாடகை நிறுவனத்தை நடத்தும் டெய்லர் குடும்பத்தினர் 2018 அக்டோபரில் முன்வந்ததே இதற்குக் காரணம். முந்தைய முயற்சியிலும் இருந்த ஜிம் கவனாவும் அவர்களுடன் சேர்ந்தார். குழுவின் தலைமையில் கரோலின் கிண்டில். லீக்கில் பெண்கள் பெரும்பான்மைப் பங்கு வகிக்கும் முதல் உரிமையாளர் குழு இதுவே. 2019 ஆகஸ்ட் 20 அன்று 28ஆவது அணியாக அனுமதி கிடைத்தது. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய், 2023 மார்ச் 4 அன்று முதல் உள்ளூர் ஆட்டத்தில் சார்லட்டை 3-1 என்று வென்றார்கள். முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்று, புதிய அணி எதுவும் அதுவரை செய்யாத சாதனையைச் செய்து, அந்த ஆண்டே மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள்.

முழுவதும் தனியார் பணம் என்று சொல்லிவிடவும் கூடாது. சொத்து வரிச் சலுகை உண்டு, அரங்க வளாகத்தில் விற்பனையாகும் பொருள்கள் மீது தனி வரியும் உண்டு. நீங்கள் வாங்கும் ரொட்டியின் ரசீதைப் பார்த்தால் அது தெரியும். ஆயினும் அரங்கத்துக்கு வராதவர் அந்தத் தனி வரியைக் கட்டுவதில்லை. 2017இன் திட்டத்தோடு ஒப்பிடும்போது இது நியாயமான ஏற்பாடு.

வெளியே வரும்போது, கூட்டத்தோடு வேகமாக நடந்துவிடாமல், மார்க்கெட் தெரு ஓரத்தில் நிற்கும் கல்தூண்களின் அருகே நில்லுங்கள். மணற்கடிகை வடிவில் இடை சிறுத்து நிற்கும் எட்டுத் தூண்கள், கலைஞர் டேமன் டேவிஸ் அமைத்தவை. இந்த இடம் ஒரு காலத்தில் மில் கிரீக் வேலி என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பு. 1959 முதல் வீடு, கடை, தேவாலயம் என்று எல்லாவற்றையும் நகர நிர்வாகம் இடித்துத் தள்ளியதில் சுமார் 20,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். பிறகு அங்கே நெடுஞ்சாலை இணைப்புகள் வந்தன, அதன் மேல் இப்போது அரங்கம். சிவப்புச் சட்டை அணிந்த ஒரு சிறுமி தூணின் குறுகிய இடையில் கையை வைத்து அதன் சொரசொரப்பைத் தடவிக்கொண்டிருக்க, அவளுடைய தாய் அடியில் பொறித்திருந்ததை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஆட்டத்தைவிட அந்தக் காட்சியே எனக்கு அதிகம் நினைவில் நிற்கிறது.

குறை உண்டா என்றால், உண்டு. காரில் வந்தே ஆக வேண்டியவர்களுக்கு நிறுத்துமிடம் பெரிய தலைவலி. நான் இரண்டாம் முறை காரில் போனபோது, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் நிறுத்துமிடத்தில் ஒரு கட்டணம் எழுதியிருக்க, வேறொரு கட்டணம் வாங்கினார்கள். ஆட்டம் முடிந்து வெளியேற முக்கால் மணி நேரம் ஆயிற்று. மார்ச் மாத இரவுகளில் பள்ளத்தில் இறங்கும் குளிரும் கடுமையானது. 2027 முதல் லீக் தன் பருவத்தைக் கோடையில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடிக்க இருப்பதால், குளிர் ஆட்டங்கள் கூடும். கனமான மேலாடை எடுத்துச் செல்லுங்கள்.

2017இல் விண்ணப்பித்த அந்த 12 நகரங்களில் இதுவரை அணி பெற்றவை ஐந்துதான். டெட்ராய்ட், தனி அரங்கத் திட்டத்தைக் கைவிட்டு ஃபோர்டு ஃபீல்டு என்னும் மூடிய அரங்கத்துக்கு மாறியதும் பின்தங்கியது. சாக்ரமெண்டோவுக்கு 2019இல் அனுமதியே கிடைத்தது, ஆனால் முதன்மை முதலீட்டாளர் ரான் பர்க்கிள் 2021 பிப்ரவரியில் விலகியதும் கையில் கிடைத்தது போயிற்று. ஆண்டுக்கணக்கில் பாடிக் காத்திருந்த அந்த ஊர் ரசிகர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. சான் டியாகோவிலும் 2018இல் வாக்காளர்கள் அரங்கத் திட்டத்தை நிராகரித்தார்கள். பின்னர் பல்கலைக்கழகம் கட்டிய அரங்கத்தையே பயன்படுத்திக்கொண்டு 2025இல் அணி களம் கண்டது.

டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை இது: கோலுக்குப் பின்னால், ஆட்டம் முழுவதும் நின்றபடியே பாடும் ரசிகர் பகுதியில் ஒருமுறையாவது இருந்து பாருங்கள். குழந்தைகளோடு போனால் பக்கவாட்டு இருக்கைகள் போதும், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைப்பது அங்கேயும் காதில் விழுகிறது.