புயலுக்குப் பிறகு மூன்று வார லீவு: ஓடு, சர்வேயர், ரசீது

டெல்டா கரையோரம் ஓட்டு வீட்டை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நவம்பரும் டிசம்பரும் வயிற்றில் புளியைக் கரைக்கும் மாதங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கடலூர்ப் பக்கம் அடித்தது. கஜா 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம். கூரை போன சேதி கேட்டு டிக்கெட் போட்டு வருகிறவர் இறங்கிய அன்றே கொத்தனாரைத் தேடுகிறார். முதலில் தேட வேண்டியது வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியின் நகலை.

விமானம் ஏறுவதற்கு முன்பே காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்து கிளெய்ம் எண்ணை வாங்கிவிடலாம். மெயிலும் ஒன்று போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் படம் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் வெளியிலிருந்து, பிறகு உள்ளிருந்து மேல் நோக்கி, கைமரமும் (கூரையின் சாய்ந்த சட்டம்) ரீப்பரும் (அதன் மேல் ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) தெரியும்படி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் எடுத்த தேதி, நேர விவரம் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் அப்படியே இருக்கும்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று பயந்து, மழையில் சுவரை ஊறவிடுபவர்கள் உண்டு. அது தப்பு. சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. கவனிக்கவில்லை என்றால் அதையே காட்டித் தொகையைக் குறைப்பார்கள். தார்ப்பாய் போடுங்கள், அதன் பில்லை வையுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் விரித்தால் மேல் ஓரம் வழியே தண்ணீர் அடியில் இறங்கும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் மூன்றடியாவது தொங்க வேண்டும். உடைந்த ஓட்டையும் வளைந்த ஷீட்டையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். சர்வேயர் எண்ணுவது அதைத்தான்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தர வேண்டிய பொதுவான வீட்டுப் பாலிசி பாரத் கிருஹ ரக்ஷா. புயலும் வெள்ளமும் அதில் உண்டு. தேய்மானம் கழிக்காமல், திரும்பக் கட்ட ஆகும் செலவைத் தருவது இதன் பலம். இடிபாடு அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை, பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை சேர்த்துக் கேட்கலாம், கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை. காப்புத் தொகையில் மனை விலையைச் சேர்த்துவிடாதீர்கள், பிரீமியம்தான் வீண். பழைய தீ பாலிசிகளில் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்றொரு நிபந்தனை உண்டு. பூட்டிய வீட்டுக்காரர்களை அடிப்பது இந்த வரிதான். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று புதுப்பிக்கும்போதே பார்த்து, எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள்.

மொட்டை மாடி ஒழுக்குக்குக் கிளெய்ம் போட்டால் பெரும்பாலும் நிற்காது. மாடித் தளத்தில் பதித்த தட்டோடுகளின் சந்துகள் பல வருடமாகத் திறந்து கசிவது பழுது, புயல் சேதம் இல்லை என்பார்கள், நியாயம்தான். தென்னை விழுந்து கைப்பிடிச் சுவர் உடைந்து, அந்த இடத்தில் மட்டும் ஒழுகினால் கதை வேறு. விழுந்த மரத்தை வெட்டுவதற்கு முன் படம் வேண்டும்.

அடுத்த முட்டுக்கட்டை ரசீது. சாமானுக்கு ஜிஎஸ்டி பில் கிடைத்துவிடும். கூலிக்குத் துண்டுச் சீட்டுதான் வரும். பெயர், வேலை நாள், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வீட்டுக் கடன் இருந்தால் பணம் வங்கிக்குப் போகலாம். பட்டா இன்னும் அப்பா பெயரில், அவர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் கோப்பு நகராது. லீவு முடிந்து அண்ணனிடம் பொறுப்பை விட்டுப் போகிறவர்கள் பவர் பத்திரம் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்பலாம். வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

கிளெய்மை மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

இனி கூரை. மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 பிடிக்கும். உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட வாங்குங்கள். பழைய ஓட்டின் கம்பெனி முத்திரையைப் பார்த்து அதே அச்சாக எடுக்காவிட்டால் பள்ளம் பொருந்தாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், அடுத்த காற்றுக்கு அதுதான் முதலில் போகும். காற்று கூரையைத் தள்ளுவதைவிட மேலே இழுப்பதே அதிகம். ஓரமும் மூலையும் முகடும்தான் முதலில் கிளம்பும். அங்குள்ள ஓடுகளையாவது, அடியிலுள்ள துளையில் ஜிஐ கம்பி கோத்து ரீப்பரோடு கட்டச் சொல்லுங்கள். "காலம் காலமா இப்படித்தான் சும்மா அடுக்குறோம்" என்பார்கள். அதனால்தான் காலம் காலமாகப் பறக்கிறது.

சிமென்ட் ஷீட்டில், அதைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட் அலையின் மேட்டில்தான் வர வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். தார் வாஷரை நசுங்கும் அளவுக்கு முறுக்கினால் ஷீட் வெடிக்கும். ஒரு ஷீட் மேல் இன்னொன்று, மேலும் கீழும் ஆறு அங்குலம், பக்கவாட்டில் அரை அலை ஏற வேண்டும். பக்க இணைப்பின் வாய் காற்று வரும் திசையைப் பார்க்கக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நனைத்துவிட்டுக் கழற்றட்டும், உலர்ந்தபடி அறுக்க விடாதீர்கள்.

வேலை முடிந்ததும், கிளம்புவதற்கு முந்தின நாள், அதே நான்கு பக்கமும் உள்ளிருந்தும் மறுபடி படம் எடுத்து, பில்லோடு ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். அடுத்த புயலில் "முன்பே இப்படித்தான் இருந்தது" என்று சர்வேயர் சொன்னால் காட்டுவதற்கு.