1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு என்று நம்பி ரூ.6,800 கொடுத்தோம், கைக்கு வந்தது 2011-ஆம் ஆண்டுச் சரக்கு

இன்று மாலை அந்தக் கடையிலிருந்து மூன்றாவது முறையாக வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். குறைந்த செலவில் கணினி சேர்க்கிறவர்கள் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தங்கை காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். வீடியோ எடிட்டிங்குக்கும் இரவில் கொஞ்சம் கேம் விளையாடவும் கணினி வேண்டும் என்றாள். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அவளே சேர்த்த பணம். அலுவலகத்தில் கழித்த நான்காம் தலைமுறை ஐ5 பெட்டி ஒன்றை வாங்கி, ரேமும் எஸ்எஸ்டியும் போட்டோம். அந்தப் பெட்டியின் பவர் சப்ளை சிறியது. அதனால்தான் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ தேடினோம். அது 75 வாட்தான் இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டே அவ்வளவையும் கொடுத்துவிடும்.

பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் விளம்பரம் பார்த்துப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறிய உதிரிபாகக் கடை. கடைக்காரர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்றதும், "என் அப்பாவும் ஹார்பர்தான் தம்பி, நம் வீட்டுப் பிள்ளைக்கு மோசமானதைக் கொடுப்பேனா?" என்றார். கார்டைத் தன் கணினியில் செருகிக் காட்டினார். திரையில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்றே வந்தது. ஓரத்தில் 6 பின் மின் இணைப்பு இருக்கிறதே என்று கேட்டேன். "வேகம் கூட்டிய வகை, அப்படித்தான் இருக்கும்" என்றார். அப்படிச் சில உண்டு என்பது எனக்கும் தெரியும். பவர் சப்ளையின் வேறு இணைப்பிலிருந்து அந்த 6 பின்னுக்கு மின்சாரம் கொடுக்கும் மாற்று ஒயர் ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்து, "இதற்குப் பணம் வேண்டாம், தங்கைக்கு என் அன்பளிப்பு" என்று கையில் வைத்தார். அந்த ஒயரில்தான் நான் விழுந்தேன். ரூ.6,800 எண்ணிக் கொடுத்தேன். துண்டுச் சீட்டில் "30 நாள் உத்தரவாதம்" என்று எழுதித் தந்தார்.

அன்றிரவே கேம் தொடங்கிய பத்து நிமிடத்தில் கணினி அணைந்தது. எடிட் செய்த வீடியோவைக் கார்டே வேகமாக ஏற்றுமதி செய்ய உதவும் என்வெங்க் வசதியே வரவில்லை. தங்கைதான் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தாள். பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ (போலி) என்று போட்டிருந்தது. "அண்ணா, கோர் எண்ணிக்கை 768 இருக்க வேண்டிய இடத்தில் 192 இருக்கிறது" என்றாள். உள்ளே இருந்தது 2011-இல் ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டில் வந்த ஜிஎஃப் 116 சிப். கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற நிரலை மாற்றி எழுதி 1050 டிஐ என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். அந்த 550 டிஐ 116 வாட் இழுக்கும். ஸ்லாட்டால் கொடுக்க முடியாது. 6 பின் இணைப்பு அதற்குத்தான். அன்பளிப்பு ஒயரும் அதற்குத்தான்!

கார்டின் பின்புறம், பழைய மானிட்டர்களை இணைக்கும் நீல நிற விஜிஏ துளை இருந்தது. 1050 டிஐ சிப்பில் விஜிஏ வெளியீடே கிடையாது. கடையில் அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே!

முதல் முறை போனபோது, "டிரைவர் கோளாறு, விண்டோஸை மறுபடி போடுங்கள்" என்றார். போட்டோம். இரண்டாம் முறை, "உங்கள் பவர் சப்ளை சரியில்லை" என்று புதியது ஒன்றை விற்கப் பார்த்தார். இன்று, மூடிக் கிடந்த ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் நின்று போய்ச் சேர்ந்தால், "நான் கொடுத்த கார்டு இதுதான் என்பதற்கு என்ன சாட்சி?" என்கிறார். சீட்டில் சீரியல் எண் இல்லை, கடைப் பெயரும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர், என்னைத் தெரியாதவர் போல அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். ரூ.6,800! "விடு அண்ணா, இன்னும் நான்கு மாதம் டியூஷன் எடுத்தால் வந்துவிடும்" என்கிறாள் தங்கை. அதைக் கேட்கத்தான் தாங்கவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. விஜிஏ துளையுள்ள 1050 டிஐயைத் தொடாதீர்கள். விண்டோஸ் காட்டும் பெயரை நம்பாமல், ஜிபியு-இசட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். சீரியல் எண் எழுதிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். காலையில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கிறேன். துண்டுச் சீட்டும் கார்டின் படங்களும் என்னிடம் இருக்கின்றன.