பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறீர்களா? முதலில் ராத்திரி டியூட்டியைக் கேளுங்கள்

ஊரில் இருந்த நாட்களில் பார்த்த பிரசவப் பிரிவுகளில் எல்லாம் முதலில் காட்டியது அறையைத்தான். ஏசி, துணைக்கு இருப்பவருக்கு ஒரு கட்டில், டிவி. கேட்ட பிறகே பிரசவ அறையைக் காட்டினார்கள். இன்னும் விடாமல் கேட்டால்தான் ராத்திரியில் யார் இருப்பார்கள் என்ற பேச்சே வருகிறது. வெளிநாட்டிலிருந்து பிரசவத்துக்கு வருகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட வேண்டும். நல்ல அறை இல்லையென்றால் இரண்டு நாள் அசௌகரியம், அவ்வளவுதான். ராத்திரியில் மயக்க மருத்துவர் இல்லையென்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து.

கேள்வியை இப்படியே கேளுங்கள்: "ராத்திரி 2 மணிக்குக் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினால், சிசேரியன் செய்து குழந்தையை எடுக்க எத்தனை நிமிடம் ஆகும்?" மிக அவசரமான சிசேரியனுக்கு, முடிவெடுத்ததிலிருந்து குழந்தையை எடுப்பது வரை 30 நிமிடம் என்பது பல நாடுகள் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. அதற்கு மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், தியேட்டர் நர்ஸ், குழந்தை மருத்துவர் என நான்கு பேரும் ஒரே நேரத்தில் வேண்டும். "டாக்டர் பக்கத்துலதான் இருக்கார், கூப்பிட்டா வந்துடுவார்" என்று பதில் வந்தால், அவர் கட்டடத்துக்குள் இல்லை என்று பொருள். ஞாயிறும் விடுமுறை நாளும் எப்படி என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது ரத்தம். பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கு, முன்கூட்டி எந்த அபாயக் குறியும் இல்லாதவர்களுக்கும் வரும். சுகப்பிரசவத்தில் 500 மில்லியைத் தாண்டினால் கவலைப்பட வேண்டிய அளவு. கண்மதிப்பாகப் பார்த்தால் குறைவாகவே தெரியும். அதனால் அளவு குறித்த பையை வைத்து அளக்கிறார்களா என்று விசாரியுங்கள். குழந்தை பிறந்தவுடன், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி எல்லோருக்கும் வழக்கமாகப் போட வேண்டியது. ரத்தப்போக்கு நிற்காவிட்டால் கொடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து, குழந்தை பிறந்த 3 மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் அதன் பயன் சுமார் 10 சதவீதம் குறைகிறது. ரத்த வங்கி உள்ளேயே இருக்கிறதா, வெளியே ஆள் அனுப்பி வாங்க வேண்டுமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. உங்களுடையது நெகட்டிவ் குரூப் என்றால் பொருந்தும் ரத்தம் கையிருப்பில் இருக்குமா என்று முன்பே பேசி வையுங்கள்.

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, எத்தனை வாரக் கர்ப்பத்தில் பிறந்த குழந்தை வரை பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம் போன்ற காரணங்களால் முன்கூட்டியே பிறக்கும் வாய்ப்பு இருந்தால் ஆரம்பத்திலேயே பெரிய மருத்துவமனையில் பதிந்துவிடுவது நல்லது. குறைமாதக் குழந்தையைப் பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுவதைவிட, தாயின் வயிற்றில் இருக்கும்போதே இடம் மாற்றுவது பாதுகாப்பானது.

வெளிநாட்டில் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) நடத்தும் பிரசவ மையத்தையோ வீட்டுப் பிரசவத்தையோ நினைத்திருந்தவர்கள் ஊரிலும் அதைத் தேடுகிறார்கள். 2011-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு இதற்குப் பெரிய ஆதாரம். அபாயம் குறைந்த பெண்களில், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கு வீட்டில் பெறுவதால் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. முதல் பிரசவத்திலோ, குழந்தைக்குப் பாதிப்பு மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும், வீட்டில் 9.3 ஆகவும் இருந்தது. வீட்டில் பெற நினைத்த முதல் பிரசவக்காரர்களில் சுமார் 45 சதவீதம் பேர் நடுவிலோ பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். பயிற்சி பெற்ற மிட்வைஃபும், அழைத்தால் வரும் ஆம்புலன்ஸும், கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனையும் இருந்த இடத்தின் எண்கள் இவை. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்த எண்களை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சிசேரியன் சதவீதம் என்ன என்று கேட்டால், "எங்களுக்குச் சிக்கலான கேஸ்தான் அதிகம் வரும்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் கேள்வியைக் குறுக்குங்கள்: முதல் பிரசவம், ஒரே குழந்தை, தலை கீழே, 37 வாரம் முடிந்து தானாக வலி வந்தவர்கள். இவர்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன்? சிசேரியன் கணக்கை ஒப்பிடுவதற்காகத் தாய்மார்களைப் பத்துப் பிரிவாகப் பிரிக்கும் ராப்சன் வகைப்பாட்டின் முதல் பிரிவு இது. கணக்கு வைத்திருக்கும் மருத்துவமனை உடனே சொல்லும். பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை விடுவார்களா, நடக்கவும் உட்காரவும் விடுவார்களா, சுகப்பிரசவத்தில் எல்லோருக்கும் பிறப்புறுப்பு வாயில் கீறல் போட்டுத் தைப்பதுதான் வழக்கமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் அங்கே நடைமுறை பழையது. கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகே வலி வேகமெடுக்கும் கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வகுத்தது. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது, "3 செ.மீ.லயே நிக்குது" என்பது மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: கணவரின் லீவு. டிக்கெட் தேதிக்குள் குழந்தையைப் பார்த்துவிட வேண்டும் என்று 38 வாரத்திலேயே வலி வரவழைக்கச் சொல்கிறார்கள், மருத்துவமனையும் ஒத்துக்கொள்கிறது. கர்ப்பப்பை வாய் மென்மையாகாத நிலையில் மருந்து கொடுத்தால் வலி நீளும், சில வேளை பலன் தராமலே போகும். அது சிசேரியனில் போய் முடியலாம். 39 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறலும் கூடுதலாக வரும். கொடுத்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். லீவு எடுப்பதானால் 38-இலிருந்து 42 வாரம் வரை இடம் விட்டு எடுங்கள், அல்லது குழந்தை பிறந்த பிறகு வரட்டும்.

விமானத்தைப் பொறுத்தவரை, 28 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். சிக்கலில்லாத ஒற்றைக் குழந்தைக்கு 36 வாரம் வரையும், இரட்டைக்கு 32 வாரம் வரையும் ஏற்றுவது வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 30 வாரத்தை ஒட்டி வந்துவிட்டால் புது மருத்துவரைப் பிரசவத்துக்கு முன் நிதானமாகச் சில முறை பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.

கையில் கொண்டுவரும் ஃபைலில் முக்கியமானது முதல் மூன்று மாத ஸ்கேன். அது இல்லாவிட்டால் கடைசி மாத ஸ்கேனை வைத்துத் தேதி போடுவார்கள். அதில் மூன்று வாரம் வரை பிசகலாம், தேவையில்லாத அவசரம் அங்கிருந்துதான் தொடங்கும். ரத்த முடிவுகளில் அலகையும் கவனியுங்கள். சர்க்கரை வெளிநாட்டுத் தாளில் லிட்டருக்கு 5.1 மில்லிமோல் என்று இருந்தால் அது இங்கே 100 மில்லிக்கு 92 மில்லிகிராம். 18-ஆல் பெருக்க வேண்டும். ஹீமோகுளோபின் லிட்டருக்கு 110 கிராம் என்பது இங்கே 100 மில்லிக்கு 11 கிராம். "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லோடு வராதீர்கள். வரம்புகள் நாட்டுக்கு நாடு மாறும், எண் வேண்டும். ஆர்ஹெச் நெகட்டிவ் ஆனவர்கள் 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பை உருவாக்காமல் தடுப்பது) போட்ட தேதியைக் குறித்துக் கொண்டு வாருங்கள். குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் மறுபடி போட வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த ஆபரேஷன் குறிப்பு கட்டாயம். கர்ப்பப்பையில் கீறல் கீழே குறுக்காகப் போனதா, மேலே நெடுக்காகப் போனதா என்பது வெளித்தழும்பைப் பார்த்தால் தெரியாது. நெடுக்குக் கீறல் என்றால் சுகப்பிரசவத்துக்கு முயலக் கூடாது.

குழந்தை பிறந்த பிறகு குறைந்தது 24 மணி நேரமாவது மருத்துவமனையில் இருங்கள். ரத்த அழுத்தம் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல் என்றால் தூக்கக்குறை என்று விட்டுவிடாமல் உடனே போய் அளந்து பாருங்கள். திரும்பும் பயணம் ஆறு வாரத்துக்குள் என்றால் காலில் ரத்தம் உறையும் அபாயம் இன்னும் இருக்கும். நீண்ட விமானப் பயணத்துக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு விவரம் எழுதிக் கொடுக்கும்போது பெற்றோர் இருவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே கொடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் குழந்தையின் பாஸ்போர்ட்டும் விசாவும் தள்ளிப்போகும்.