மேக் மினி, சைஸ்டார், ஹாக்கின்டாஷ்: 2008-ல் லெப்பர்டுக்கு மூன்று வழிகள்

2008 ஏப்ரலில் அமெரிக்காவின் மியாமியிலிருந்து சைஸ்டார் என்ற நிறுவனம் 399 டாலருக்கு ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை விற்பனைக்கு அறிவித்தது. அதுவரை யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆப்பிளின் மேக் கணினிகளுக்கான இயங்குதளமான மேக் ஓஎஸ் டென் லெப்பர்ட் அதில் ஓடும் என்று சொன்னதால் ஒரே நாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. முதலில் வைத்த பெயர் ஓப்பன்மேக். சில நாட்களிலேயே ஓப்பன் கம்ப்யூட்டர் என்று மாற்றினார்கள். ஆப்பிளிடம் அனுமதி எதுவும் வாங்கவில்லை.

லெப்பர்ட் வேண்டும், கையில் இருப்பது அறுநூறு டாலர்தான் என்ற ஒருவருக்கு அன்று மூன்று வழிகள் இருந்தன. ஆப்பிள் விற்ற மேக் மினி, சைஸ்டாரின் ஓப்பன் கம்ப்யூட்டர், பாகங்களை வாங்கித் தானே பூட்டிக்கொள்ளும் ஹாக்கின்டாஷ். விவரப் பட்டியலை மட்டும் பார்த்தால் சைஸ்டார்தான் ஜெயிக்கும். ஆனால் வாங்கியவரை நடுத்தெருவில் விட்டதும் அதுதான் என்பது என் முடிவு.

முதலில் வன்பொருள். அப்போதைய மேக் மினி 2007 ஆகஸ்டில் வந்தது. விலை 599 டாலர். 1.83 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ, 1 ஜிபி ரேம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். டிவிடியைப் படிக்கும், எழுதாது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் லேப்டாப் பாகங்கள். ரேம் மாற்ற வேண்டுமென்றால் பெட்டியின் விளிம்பில் தகட்டுக் கத்தியை விட்டு நெம்ப வேண்டும். ஓப்பன் கம்ப்யூட்டரில் 2.2 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம், 250 ஜிபி டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க், டிவிடி எழுதும் டிரைவ். இன்னும் சுமார் 110 டாலர் கொடுத்தால் என்விடியாவின் 8600 ஜிடி கிராபிக்ஸ் கார்டு. மினியில் கார்டு போட இடமே கிடையாது.

ஆப்பிளின் பட்டியலில் அன்று ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மினிக்கு மேலே போனால் 1,199 டாலரில் தொடங்கும் ஐமேக். அதில் திரை பெட்டியோடு ஒட்டி வரும். அதற்கும் மேலே மேக் ப்ரோ, எட்டு கோர் மாடல் 2,799 டாலர். நடுவில், கார்டு மாற்றலாம், டிஸ்க் சேர்க்கலாம், சொந்தத் திரையை வைத்துக்கொள்ளலாம் என்ற சாதாரண டவர் ஒன்றை மேக் பயனர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ஆப்பிள் தரவே இல்லை. சைஸ்டார் நுழைந்தது அந்த ஓட்டை வழியாகத்தான். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். கேட்டவர்களைத் திருட்டுச் சரக்குக்கு அலைந்தவர்கள் என்று ஒதுக்குவது சரியல்ல.

சரி, விலைக்கு வருவோம். 399 என்பது லெப்பர்ட் இல்லாத விலை. லெப்பர்டைப் போட்டுத் தர இன்னும் 155 டாலர், ஆக சுமார் 555. மேக் மினியோடு ஐலைஃப் 08 தொகுப்பு வரும். புகைப்படம், வீடியோ, இசைக்கான அந்த மென்பொருள்களைத் தனியாக வாங்கினால் 79 டாலர். சைஸ்டாரில் அது கிடையாது. அதையும் சேர்த்தால் 634, மினியைத் தாண்டிவிடுகிறது. வைஃபையும் புளூடூத்தும் அடிப்படைப் பெட்டியில் இல்லை, அவற்றுக்கும் தனிச் செலவு. சேர்த்துப் பார்த்தால் மேக்கைவிட மலிவு என்று சொல்ல முடியாது. அதே பணத்துக்கு வேகமான வன்பொருள் என்று சொல்லலாம். அது உண்மை. விசிறிச் சத்தம் பெரிய தொல்லை என்று பெட்டியை வாங்கிச் சோதித்தவர்கள் எழுதினார்கள். அந்த விலையில் நான் அதைப் பெரிய குறையாக எடுக்க மாட்டேன்.

பெரிய குறை அப்டேட்டில் இருந்தது. சாதாரண பிசியில் மேக் ஓஎஸ் டென் தானாக ஓடாது. பட்டனை அழுத்தியதும் கணினியை எழுப்பும் அடிப்படை நிரல் இன்டெல் சிப் போட்ட மேக்குகளில் இஎஃப்ஐ, அன்றைய பிசிக்களில் பயோஸ். அதோடு, ஃபைண்டர், டாக் போன்ற முக்கியமான நிரல்களை ஆப்பிள் மறையாக்கம் செய்து வைத்திருந்தது. அவற்றைத் திறக்கும் சாவி மேக்கின் போர்டில் உள்ள ஒரு சிப்பில் இருக்கும். 'மேக் ஓஎஸ் டென்னைத் திருடாதே' என்றே பெயரிடப்பட்ட ஒரு கெர்னல் நீட்சி (இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேர்ந்து ஓடும் துணை நிரல்) அந்தச் சாவியை வாங்கி நிரலைத் திறக்கும். எனவே பிசியில் ஓட்ட இரண்டு வேலைகள் தேவை. இஎஃப்ஐ இருப்பதுபோல் பாவனை செய்யும் ஒரு துவக்க நிரல், அந்த சிப் இருப்பதுபோல் பதில் சொல்லும் ஒரு நீட்சி. 2005-ல் ஆப்பிள் இன்டெல் சிப்புகளுக்கு மாறுவதாக அறிவித்த நாள் முதல், ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து இந்த வேலைகளைச் செய்து இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். சைஸ்டார் விற்ற பெட்டியின் அடிப்படையும் அந்த வகை வேலைதான்.

இப்படிப் பாவனையில் ஓடும் ஒரு கணினியில், ஆப்பிள் அனுப்பும் எந்த அப்டேட்டும் அந்தப் பாவனையைக் கலைத்துவிடலாம். மறுநாள் கணினி எழுந்திருக்காது. அப்டேட் செய்யலாமா என்ற கேள்விக்கு சைஸ்டாரின் சொந்தக் கேள்வி-பதில் பக்கமே 'ஆமாம், இல்லை' என்று இரண்டையும் சொன்னது. சில அப்டேட்டுகள் ஆபத்தானவை, ஹாக்கின்டாஷ் ஆர்வலர்கள் கூடும் இன்சேன்லிமேக் இணைய மன்றத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பணம் கட்டி வாங்கியவரை, இலவசமாக உழைக்கும் ஆர்வலர்களிடம் போய்க் கேள் என்று அனுப்புவது என்ன வியாபாரம்? ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தால் மேக் மினிக்காரர் பட்டனை அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போவார். சைஸ்டார்காரர் மன்றத்தில் நாலு பேர் போட்டுப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஹாக்கின்டாஷ் கட்டியவருக்கும் இதே காத்திருப்பு உண்டு. ஆனால் அவர் தெரிந்தே இறங்கியவர். கிகாபைட் நிறுவனத்தின் எந்த மதர்போர்டு சரியாக வரும், எந்த ஆடியோ சிப் தகராறு செய்யும், ஸ்லீப் போட்டால் திரும்ப எழுந்திருக்குமா என்று படித்துவிட்டுத்தான் பாகம் வாங்கினார். உடைந்தால் எங்கே உடைந்தது என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் பூட்டியது அவர். 2009 நவம்பரில் வந்த மேக் ஓஎஸ் டென் 10.6.2 அப்டேட்டுக்குப் பிறகு, இன்டெலின் ஆட்டம் ப்ராசஸர் போட்ட நெட்புக்குகள் என்ற சின்ன லேப்டாப்புகளில் மேக் ஓஎஸ் தொடங்கவே இல்லை. மாற்றிய கெர்னலை ஆர்வலர்கள் விரைவிலேயே கொண்டுவந்தார்கள். அதைத் தேடிப் போடத் தெரிந்தவர் தப்பித்தார். ஆப்பிளின் உரிமப்படி ஹாக்கின்டாஷும் மீறல்தான், மறைக்க ஒன்றுமில்லை. மேக் ஓஎஸ்ஸை ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே நிறுவ வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. ஆனால் வீட்டில் தனக்காகக் கட்டிக்கொள்வதும் கடை போட்டு விற்பதும் ஒன்றல்ல.

2008 ஜூலை 3-ல் ஆப்பிள் வழக்குப் போட்டது. சைஸ்டார் சொன்ன வாதம் கேட்க நன்றாக இருக்கும்: ஒவ்வொரு கணினிக்கும் ஒரு லெப்பர்ட் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினோம், வாங்கிய பொருளை நாங்கள் விற்கக் கூடாதா? எனக்கு அதில் இரண்டு தடைகள்.

முதலாவது, பணக் கணக்கு. லெப்பர்ட் பெட்டியின் 129 டாலர் ஒரு இயங்குதளத்தின் முழு விலை கிடையாது. ஏற்கெனவே மேக் வாங்கியவர் புதிய பதிப்புக்கு மாறக் கொடுக்கும் காசு அது. மீதிச் செலவு மேக்கின் விலைக்குள் இருக்கிறது. 2009-ல் அடுத்த பதிப்பான ஸ்னோ லெப்பர்டை ஆப்பிள் 29 டாலருக்குக் கொடுத்ததைப் பார்த்தாலே இது புரியும். உரிமம் கொடுத்தே நகல்களை அனுமதித்த காலமும் ஆப்பிளுக்கு இருந்தது. 1995 முதல் பவர் கம்ப்யூட்டிங், யூமேக்ஸ், மோட்டோரோலா போன்றவை முறைப்படி மேக் நகல்களை விற்றன. புதிய வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை பொய்த்தது. ஆப்பிளுக்கு நல்ல லாபம் தந்த வாடிக்கையாளர்களையே அவை இழுத்துக்கொண்டன. ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் 1997-ல் அந்த ஏற்பாட்டை முடித்து, பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் வியாபாரத்தை 100 மில்லியன் டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கினார். அனுமதியோடு விற்றவர்களையே பொறுக்காத நிறுவனம் அனுமதியில்லாமல் விற்பவரை விட்டுவிடும் என்று சைஸ்டார் எந்த நம்பிக்கையில் இருந்தது?

இரண்டாவது, நடந்த வேலை. லெப்பர்டை ஒரு மேக் மினியில் ஏற்றி, அங்கிருந்து வேறொரு கணினிக்கு நகலெடுத்து, துவக்க நிரலையும் கெர்னல் நீட்சிகளையும் மாற்றி ஒரு மூலப் பிரதி செய்தார்கள். விற்கும் கணினிகளுக்கெல்லாம் அதிலிருந்தே நகல் போனது. கூடவே கொடுத்த லெப்பர்ட் பெட்டிக்கும் டிஸ்கில் இருந்த நகலுக்கும் சம்பந்தமில்லை. நீதிபதி வில்லியம் ஆல்சப் 2009 நவம்பரில் தீர்ப்பளித்தபோது பிடித்த நூல் இதுதான். டிசம்பரில் நிரந்தரத் தடை. சுமார் 27 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்பந்தம். அந்த மே மாதமே சைஸ்டார் திவால் பாதுகாப்புக் கேட்டுப் போயிருந்தது. வழக்கின் ஆவணங்களில் இருந்த கணக்குப்படி மொத்தம் விற்றது 768 பெட்டிகள். 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. போட்டியாளர் தன் சொந்த இயங்குதளத்தை எழுதுவதை ஆப்பிளின் உரிமம் தடுக்கவில்லையே என்று அது சுட்டிக்காட்டியது.

மலிவான நகல் என்றாலே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. 1982-ல் ஆப்பிளின் பழைய கணினியான ஆப்பிள் II-க்கு நகலாக வந்த ஃபிராங்க்ளின் ஏஸ், ஆப்பிளின் ரோமை, அதாவது சிப்பில் பதித்த அடிப்படை நிரலை, அப்படியே காப்பியடித்தது. ஆப்பிள் நிரலாளர் ஒருவரின் பெயர் உள்ளே அப்படியே கிடந்தது நீதிமன்றத்தில் வெளிவந்தது. 1983-ல் அது தோற்றது. ஆனால் ஹாங்காங்கின் விடெக் நிறுவனம் கொண்டுவந்த லேசர் 128 ரோமைத் தானே எழுதியது, பேசிக் என்ற நிரல் மொழியை மைக்ரோசாஃப்டிடம் உரிமம் வாங்கியது. ஆப்பிளால் அதை நிறுத்த முடியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு மலிவான ஆப்பிள் II கிடைத்தது அந்த உழைப்பால்தான். சைஸ்டார் அந்த உழைப்பைச் செய்யவில்லை.

ஆக, அன்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால், கணினியைத் திறந்து பார்க்கப் பயமில்லாதவருக்கு ஹாக்கின்டாஷ் என்பேன். வேலைக்குக் கணினி வேண்டும், வேறெதுவும் தெரிய வேண்டாம் என்பவருக்கு, பலவீனமானதாக இருந்தாலும் மேக் மினி. கொஞ்சம் பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது, 2009 மார்ச்சில் என்விடியா 9400எம் கிராபிக்ஸோடு புதிய மினி அதே 599 டாலருக்கு வந்தது. சைஸ்டாரை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்று அந்த மூன்றில் ஹாக்கின்டாஷும் முடிவுக்கு வருகிறது. 2020-ல் எம்1 சிப்போடு ஆப்பிள் இன்டெலை விட்டு விலகத் தொடங்கியது. 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெலில் ஓடும் கடைசிப் பதிப்பு. 2024-ல் எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமோடு 599 டாலருக்கு வந்தது, பாகம் வாங்கிப் பூட்டுபவரால் அந்த விலையில் அதை எட்டுவது கடினம். கார்டு போட இடமுள்ள மேக்தான் வேண்டும் என்பவருக்கு மட்டும் நிலைமை மோசமாகிவிட்டது. 2023-ல் வந்த மேக் ப்ரோ 6,999 டாலரில் தொடங்கியது. அதிலும் தனி கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யாது.