பால்குடம் வாங்க நான் சொல்லும் ஒரே கடை

தைப்பூசம் நெருங்கினால் சொந்தத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள், பால்குடம் எங்கே வாங்கலாம் என்று. பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய பாத்திரக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகையைத் தேட வேண்டாம், தொங்கும் மயிலிறகுக் கட்டுகள் அதை மறைத்திருக்கும்.

பித்தளைக் குடம் சிறிசு, பெரிசு என்று வரிசையாக இருக்கும். எவர்சில்வர் விலை குறைவு. நான் எடுத்தது நடு அளவுப் பித்தளை, எழுபது வெள்ளிக்குள் (ரிங்கிட்). உள்ளே வெள்ளீயம் பூசியது. பூச்சு இல்லாத பித்தளையில் பால் வெயிலில் புளித்தால் களிம்பேறும். அபிஷேகத்துக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கப்போகிறோம் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் இந்தக் கடையில் முதல்முறை எனக்குக் குடம் கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, வீட்டுக்காரர் வேலை செய்த ஹோட்டல் மூடிவிட்டது. அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். கடைகள் திறந்ததும் இங்கே வந்து நின்றேன். குடத்தை இப்போதே வாங்கி சாமி அறையில் வைத்துவிட்டால் வேண்டுதல் உறுதியாகிவிடும் என்று எனக்கு ஒரு கணக்கு.

"வீட்டுக்காரருக்கு வேலை இருக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே."

"அப்ப காச அரிசிக்கு வச்சுக்க. குடம் எங்கயும் போகாது. அவன் கூப்பிடுறப்ப வா."

சொல்லிக்கொண்டே குடத்தை அலமாரியில் ஏற்றிவிட்டார். வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில், வந்த ஒரு கிராக்கியையும் திருப்பி அனுப்புகிற மனுஷன்! எனக்குக் கோபம்தான் வந்தது.

2021 தைப்பூசத்துக்குப் பினாங்கில் இரதமும் கிளம்பவில்லை, காவடியும் இல்லை. நாங்கள் எப்படியோ ஓட்டினோம். 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் வங்கித் தவணை ஒத்திவைக்கப்பட்டது. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதியில் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வந்தது, அப்புறம் படிப்படியாகக் குறைந்தது. கீழ்மாடிச் சீனப் பாட்டி எங்கள் கதவில் கீரைப் பையை மாட்டிவிட்டு மணியைக்கூட அடிக்காமல் போய்விடுவார். முருகன் காப்பாற்றினான் என்று நான் சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான். எல்லாம் அவன் பார்த்துக்குவான் என்று விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்யாமல் உட்கார்ந்திருந்தால் சொக்சோ காசு வந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2022 கடைசியில் வீட்டுக்காரருக்குப் பட்டர்வொர்த்தில் நிரந்தர வேலை கிடைத்தது. 2023 தைப்பூசம் பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்பே கடைக்குப் போனேன். அண்ணனுக்கு என் முகம் ஞாபகமில்லை. கதையைச் சொன்னதும், "கூப்பிட்டுட்டானா?" என்று சிரித்தார். தள்ளுபடி மட்டும் ஒரு காசு கிடையாது.

குடத்தைக் கொடுக்கும் முன் தண்ணீர் நிரப்பி நாளிதழ் மேல் வைத்தார். இன்னொரு ஆளுக்குக் கணக்குப் பார்த்து முடித்துவிட்டு வந்து தூக்கிப் பார்த்தார், தாள் காய்ந்திருந்தது. அப்புறம் கட்டுகிற விதம். மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்து வாயில் இழுத்துப் போர்த்தி, கழுத்தைச் சுற்றிப் பருத்திக் கயிற்றை இறுக்கி, முடிச்சை உதட்டுக்கு அடியில் செருகினார். அவிழ்த்துவிட்டு என்னையே கட்டச் சொன்னார், இரண்டாம் முறை கட்டியதைத்தான் ஒத்துக்கொண்டார். தண்ணீர்மலையில் 513 படி ஏறி முடிக்கும்வரை என் தோளில் ஒரு சொட்டு வழியவில்லை.

குறைகள் உண்டு. அட்டை வாங்க மாட்டார், ரொக்கம்தான். தொலைபேசியை எடுப்பதே இல்லை. குங்குமப் பொட்டலம் சுமார் ரகம், நிறம் விரலில் ஒட்டிக்கொள்ளும், அதை வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். மாலையும் இங்கே விலை கூடுதல். வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் வேர்த்துவிடும், வார நாளில் காலையில் போனால் பரவாயில்லை.

தைப்பூச வாரத்தில் கடைக்குள் நுழையவே முடியாது, அண்ணனும் கட்டிக்காட்ட நேரமில்லாமல் சிடுசிடுப்பார். இரண்டு வாரம் முன்பே போய்விடுங்கள். காசு கொடுக்கும் முன் குடத்துக்குள் விரல் விட்டு, ஈயப்பூச்சு அடிவரை வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.